கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு வர்ணம்

மண்டபம் நிறைந்திருந்தது. நான் கண்டதெல்லாம் பின்னந்தலைகள்.

மல்லிகைச்சரம் தொங்கும் கொண்டைகள், சாயம் பூசிய தலைகள், மேடை வெளிச்சம் பட்டு மினுங்கும் ஒரு வழுக்கை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் மண்டபம் அது. ரயில் போகும்போதெல்லாம் பக்கக் கதவுகள் கிடுகிடுக்கும். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவருக்கும் சவுண்ட்காரரின் மேசைக்கும் நடுவில், எனக்கு ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

என் காலில் சலங்கை இல்லை. பழைய சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். அத்தனை தலைகளுக்கும் அப்பால், மேடையில், ஆரபி நின்றாள். பட்டுடுத்து, நகை பூட்டி, கண்ணுக்கு மை தீட்டி, பயத்தில் வெளிறிப்போய் நின்றாள்.

வர்ணம் தொடங்கியது. அரங்கேற்றத்தின் நடுவில் வரும் மிக நீளமான உருப்படி அது. முக்கால் மணித்தியாலம் விடாமல் ஆட வேண்டும். பிள்ளைகளுக்கு மறதி வருவது அதில்தான்.

ஆரபி என்னைப் பார்த்தாள். நான் இடது காலைத் தட்டினேன். அவள் வலது காலைத் தட்டினாள். நான் இடப்பக்கம் சாய, அவள் வலப்பக்கம் சாய்ந்தாள். நான் இடது கையில் வேல் பிடித்தேன். அவள் வலது கையில் பிடித்தாள். முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

"தங்கச்சி," என்று பக்கத்திலிருந்து மெல்லிய குரல். சவுண்ட்கார நஸீர் நானா. மருதானையில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவர். அந்த நாளில் வெள்ளவத்தை அரங்கேற்றங்கள் பலவற்றுக்கும் அவர்தான் மைக் போடுவார். "ஒங்கட கால் சத்தம் இங்க வரைக்கும் வருது. இதுக்கு மேல நில்லுங்க."

ஸ்பீக்கர் பெட்டியில் சுற்றிக் கொண்டுவந்த கம்பளத் துண்டு ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு தன் மேசைவிளக்கின் கழுத்தைத் திருப்பி வெளிச்சத்தை என்மேல் விட்டார். மேடையிலிருந்து ஆரபிக்கு நான் தெரிய வேண்டுமே. சபைக்கு என்னைத் தெரியாது. சபை முழுக்க எனக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகி ஒருவர் போன கிழமை கடிதம் போட்டிருந்தார். "நடனம் நடனம் என்று இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள். உங்களை மேடையில் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லையே. நீங்கள் ஆடுவதில்லையா?"

கேள்வியில் கொஞ்சம் நக்கல் இருந்தது. இருக்கட்டும். கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

ஆடுவதில்லை, அம்மா. ஏன் என்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சகுந்தலை வேடத்துக்கு ஒட்டிய பின்னல் கழன்ற கதையையும், கம்பஸ் விடுதியில் சலங்கை களவு போன கதையையும் எழுதிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்ததே இதைச் சொல்லாமல் தப்பத்தான்.

ஒரு படிவம்

நான் நடனம் படித்தது கிழக்கில், ஒரு பல்கலைக்கழகக் கம்பஸில். கடைசி வருடத்தில் ஆறு மாதம் எங்காவது போய் வேலை பழக வேண்டும். பிளேஸ்மென்ட் என்போம். என்னோடு படித்த ஒருத்திக்குத் தொலைக்காட்சி நிலையம் கிடைத்தது. இன்னொருத்தி கரையோர ஹோட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் ஆடினாள். கோழிக்கறி வாசத்தில் புஷ்பாஞ்சலி செய்தேன் என்று சொல்லிச் சொல்லி அழுவாள். நாங்கள் சிரிப்போம்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. கொழும்பில் ஒரு நடனக் குழு இருந்தது. பெயர் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை தேர்வு வைத்து மூன்று பேரை எடுப்பார்கள். எடுபட்டால் முழுநேரமும் ஆட்டம்தான். வகுப்பு எடுக்க வேண்டாம், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட வேண்டாம், தாய்மாருக்குப் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த மூன்று இடத்தில் ஓரிடம். அதைத் தவிர வேறொன்றையும் நான் யோசித்து வைக்கவில்லை.

சாரதா ரீச்சர் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் ஆடியவர். பிறகு வெள்ளவத்தையில் வகுப்பு வைத்திருந்தார். அவருடைய கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு என்று சொன்னார்கள். அதனால் அவருடைய வகுப்பையே கேட்டு வாங்கிக்கொண்டேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

படிவத்தில், பயிலுநரின் கடமைகள் என்ற இடத்தில் சாரதா ரீச்சர் பச்சைப் பேனாவால் எழுதினார்: வகுப்புகளுக்கு உதவுதல். இரண்டு சொல். இதற்குள் எது வேண்டுமானாலும் அடங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

தும்புத்தடி

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் மாடிக் கட்டடம் ஒன்றில் மூன்றாம் தட்டு. நானும் அம்மாவும்தான். அம்மா புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் தட்டச்சு வேலை. வேலையால் வந்து முகம் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு கட்டிலின் ஓரத்தில் உட்காருவார். நான் கதிரைகளை ஒதுக்கிவிட்டு ஆடுவேன். கீழ்வீட்டு அன்ரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். அம்மா அந்த இடிக்கும் தாளம் போடுவார்.

அம்மா நடனம் படித்தவர் அல்ல. ஆனால் நான் ஏழு வயதில் தொடங்கியதிலிருந்து நான் வீட்டில் இருந்த ஒரு நாளும் விடாமல் பார்த்தவர். "இண்டைக்கு மூண்டாவது தட்டுப் பிந்திப்போச்சு பிள்ளை," என்பார். சரியாக இருக்கும். எந்தப் பாட்டுக்கும் ராகம் தெரியாத மனுஷி, என் காலின் கணக்கை அச்சொட்டாகச் சொல்லுவார். எனக்கு அரங்கேற்றம் நடக்கவில்லை. அது பழைய கதை, முன்பே எழுதிவிட்டேன். எனக்குச் சபை என்றால் அந்தக் கட்டில் ஓரம்தான். பதினைந்து வருடம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆடினேன். வலது காலில் தொடங்கித்தான் ஆடினேன்.

பரதம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஆட்டத்தில் எதுவும் வலது பக்கம்தான் தொடங்கும். வலது முடித்த பிறகுதான் இடது. குழந்தைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இது பிழைத்தால் மிச்சம் எல்லாம் பிழை.

கண்ணாடி அக்கா

ஆரபி ரொறன்ரோவிலிருந்து வந்தாள். பதினைந்து வயது. பள்ளிக்கூட விடுமுறை ஆறு கிழமை. ஆறாவது கிழமை அரங்கேற்றம். அங்கே வீடியோ பார்த்து எட்டு உருப்படி பழகியிருந்தாள். நல்ல பிள்ளை, முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி சுத்தம், ஆட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வர்ணத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடுவாள். ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடம். அதற்கு என்ன மருந்து?

"ரீச்சர், கார்ட் அடிச்சாச்சு. ஹோல் புக் பண்ணியாச்சு. லண்டனிலயிருந்து மாமா ஆக்கள் ரிக்கெற் போட்டிட்டினம்," என்று ஆரபியின் அம்மா வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். அழுகிற மாதிரித்தான் சொல்லுவார்.

இரண்டாம் கிழமையில் ஒரு காலை, எதேச்சையாக நான் ஆரபிக்கு எதிரே நின்று அவளோடு சேர்ந்து ஆடினேன். எதிரே நிற்பதால், அவளுக்கு விளங்கட்டும் என்று, அவளுடைய வலதுக்கு என் இடதைக் காட்டினேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எல்லோரும் செய்வதுதான். ஆரபி வர்ணம் முழுவதையும் மறக்காமல் ஆடி முடித்தாள்.

"அக்கா, நீங்க முன்னால நிண்டா எனக்கு எல்லாம் வருது," என்றாள். முகம் முழுக்க வியர்வை, சிரிப்பு. "நீங்க போனா பிளாங்க் ஆகுது."

சாரதா ரீச்சர் தாளம் போடும் தட்டுக்கழியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"துஷி, இனி நீர் ஆரபிக்கு முன்னாலயே நில்லும்."

"வகுப்பில தானே ரீச்சர்?"

"எல்லா இடத்திலயும்," என்றார்.

காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் மூன்று. நான் இடது காலில் ஆடினேன். ஆரபிக்குப் பிறகு மெல்பேர்னிலிருந்து இரண்டு சகோதரிகள். அவர்களுக்குப் பிறகு இங்கே வெள்ளவத்தையிலேயே ஒரு டொக்டரின் மகள். விஷயம் பரவிவிட்டது. சாரதா ரீச்சரின் வகுப்பில் மறதிக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று தாய்மார் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் எனக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒருவருக்குத் தேவைப்படுவது அந்த வயதில் பெரிய போதை.

வீட்டுக்கு வந்தால் புறக்கோட்டையில் பஸ் மாறி வந்த களைப்பு. நாள் முழுக்க ஆடுகிறேன், இனித் தனியாக வேறு பயிற்சி எதற்கு என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா விடாமல் கேட்டதால் கதிரைகளை ஒதுக்கி ஆடினேன்.

"ஏன் பிள்ளை இடக்காலில துவங்கிறாய்?"

"அது வேலைப் பழக்கம் அம்மா," என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. கோப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் படுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை திருந்தியிருக்கலாம்.

தூரத்துப் பார்வை

மண்டபத்துக்குத் திரும்பிப் போவோம்.

ஆரபி மறக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் அவள் கண் என்னை விட்டு அகலவில்லை. அவள் கழுத்தைத் திருப்பினால் நானும் திருப்பினேன். அவள் கண்ணீர் விடும் இடத்தில் நானும் கண்ணீர் விட்டேன். மேசைவிளக்கின் சூட்டில் என் கன்னம் எரிந்தது. கடைசித் தீர்மானம், அந்த முடிவு அடவுகள், முடிந்ததும் மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது. அத்தனை கைதட்டலும் எனக்கு எதிர்ப்பக்கமாகப் போயிற்று.

பிரதம விருந்தினர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பிள்ளையின் பார்வையைக் கவனித்தீர்களா? முன்வரிசையில் இருக்கும் எங்களை அவர் பார்க்கவே இல்லை. எங்களையெல்லாம் தாண்டி, தூரத்தில், தன் தெய்வத்தைப் பார்த்து ஆடினார். இது பிறவியில் வர வேண்டியது."

நஸீர் நானா வயர் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"தங்கச்சி, அவர் சொன்ன தெய்வம் இங்க வேர்த்து ஊத்திட்டு நிக்குது," என்றார்.

சிரித்து முடிந்தபின் அவர் முகம் மாறியது. "எல்லாரும் அங்க பாத்தாங்க. நான் ஒருத்தன் மட்டும் இங்க பாத்தேன். நீங்க ஆடினதுதான் ஆட்டம். ஒங்களுக்கு எப்ப மேட?"

"தைமாதம் நானா. ஒரு தேர்வு இருக்கு," என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

ஆரபியின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இன்றைக்கும் வாழ்த்து அனுப்புகிறாள். கணக்காளராக இருக்கிறாளாம். அந்த அரங்கேற்றத்துக்குப் பிறகு அவள் சலங்கை கட்டவே இல்லை. இரண்டு பேரின் நடனத்தை ஒரே பின்னேரம் விழுங்கிவிட்டது.

மூன்று முகங்கள்

ஆறு மாதம் முடிந்தது. கம்பஸ் அறிக்கையில் சாரதா ரீச்சர் அதே பச்சைப் பேனாவால் எழுதினார்: "இவர் இல்லாமல் எங்கள் அரங்கேற்றங்கள் நடந்திருக்காது." அதிகூடிய புள்ளி. என் வகுப்பிலேயே அந்த வருடம் மிகச் சிறந்த பிளேஸ்மென்ட் என்னுடையதுதான். நடனக் குழுவுக்கும் ஒரு கடிதம் தந்தார். ஒட்டித் தந்ததால் நான் வாசிக்கவில்லை.

தேர்வு மருதானைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. மர நிலம். சுவரோரம் ஒரு மிருதங்கக்காரர். ஒரு நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இதை இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த ஆறு மாதமும் என்னை எதிரே நின்று பார்த்த முகங்கள் எல்லாம் மறக்கும் பிள்ளைகளின் முகங்கள். எதிரே ஒரு முகம் தெரிந்தால் இடது காலைத் தூக்கு என்று என் உடம்பு படித்துவைத்திருந்தது. என்னிடம் கேட்காமலே படித்துவைத்திருந்தது.

வணங்கினேன். மிருதங்கம் தொடங்கியது. இடது கால் போயிற்று.

நிறுத்தினார்கள். பதற்றம் என்று நினைத்திருப்பார்கள். நடுவில் இருந்த பெண், குழுவின் தலைவி, சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்கச் சொன்னார். மறுபடியும் இடது. நங்கி, அதாவது தங்கச்சி, நீ இடக்கைக்காரியா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். வலது, என்று மிருதங்கக்காரர் மெதுவாகச் சொல்லித்தந்தார். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருகிற மாதிரி.

"தெரியும்," என்றேன்.

மூன்றாம் தடவை குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு தொடங்கினேன். வலது வந்தது. இரண்டு ஆவர்த்தனம் சரியாகப் போயிற்று. பிறகு தலையை நிமிர்த்தினேன். மூன்று முகங்கள். உடம்பு தானாகப் பக்கம் மாறியது. ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயும் இழுபட்டு, மரநிலத்தில் முழங்கால் மோத விழுந்தேன்.

எழுந்து, கேட்காமலே, கண்ணை மூடிக்கொண்டு ஆடினேன். முழு ஜதியும் வந்தது. ஒரு பிழை இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் ஆடியதுபோல் வந்தது. முடித்துக் கண்ணைத் திறந்தபோது தலைவியின் முகத்தில் இருந்தது இரக்கம். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு இந்த ஆட்டம் இல்லையே நங்கி, என்றார். சாரதா ரீச்சரின் கடிதம் மேசையில் திறந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உன்னைப்போல் ஒருத்தி இல்லை என்று உன் டீச்சர் எழுதியிருக்கிறார், அதைச் செய்யேன், என்றார்.

வெளியே வந்து எங்கே போவதென்று தெரியவில்லை. கால் நஸீர் நானாவின் கடைக்குப் போயிற்று. கழற்றிப்போட்ட ஸ்பீக்கர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் வாங்கித்தந்த பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஸ்பீக்கரின் ஆணியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அவங்களையும் மத்தப் பக்கம் திரும்பி இருக்கச் சொல்லியிருக்கணும் தங்கச்சி," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா கதிரையைத் திருப்பினார்

"சரிவந்திட்டுதே பிள்ளை?" என்று அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்டார்.

நஸீர் நானா சொன்ன பகிடி வரைக்கும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. "ஆடு பாப்பம்," என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆடினேன். இடது. "திரும்ப," என்றார். இடது. சுவரைப் பார்த்து ஆடினால் சரியாக வந்தது. நிலைக்கண்ணாடியில் என்னையே பார்த்து ஆடினாலும் வந்தது. அம்மாவின் முகத்தைக் கண்டால் வரவில்லை. பதினைந்து வருடம் பார்த்து ஆடிய முகம். அதுவும் என்னிடமிருந்து போய்விட்டது.

ஒரு மாதம் முயன்றோம். அந்த மாத முடிவில் ஒரு பின்னேரம் அம்மா எழுந்து, கதிரை ஒன்றை இழுத்து, சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"நான் அங்கால பாக்கிறன். நீ ஆடு."

ஆடினேன். வலது கால். கீழே தும்புத்தடி இடித்தது. அம்மா தாளம் போடவில்லை. அவருடைய தோள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் தேர்வுக்குப் போனேன். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. அம்மா போய் நாலு வருடமாகிறது. கடைசிவரை என் ஆட்டத்தை அவர் முதுகால்தான் கேட்டார்.

இந்த ஓகஸ்ட்

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப்போல் ஒருத்தி இல்லை என்றார்களே, அதையே செய்தேன். வெள்ளவத்தையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே எனக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது. தாய்மாருக்குப் பதில் சொல்கிறேன். மூக்கும் துடைத்துவிடுகிறேன். அரங்கேற்றங்களில் கடைசி வரிசைக்குப் பின்னால் நானேதான் நின்றுவந்தேன். ஏற்கனவே கெட்டுப்போன கால்தானே, இனி என்ன கெடப்போகிறது? என்னிடம் வந்த ஒரு பிளேஸ்மென்ட் பிள்ளையையும் அங்கே விட்டதில்லை. அது ஒன்றுதான் என் பெருமையாக இருந்தது.

இந்த வருடம் வந்தவள் நிரோஜா. வத்தளைப் பிள்ளை. நான் படித்த அதே கம்பஸ், அதே படிவம். முதல் நாள் என் முன்னால் ஆடிக் காட்டினாள். அந்த வயதில் நான் ஆடியதைவிட நன்றாக ஆடினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கேட்டபோது சொன்னாள், நவம்பரில் அதே நடனக் குழுவின் தேர்வுக்குப் போகிறாளாம்; இப்போது தையில் வைப்பதில்லையாம். நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டும் ரீச்சர், என்றாள்.

ஜூலையில் லண்டனிலிருந்து லயா வந்தாள். வர்ணத்தில் மறந்தாள். அதே ஜூலையில் என் வலது முழங்காலைக் களுபோவில ஆஸ்பத்திரியில் காட்டினேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர், இனி அரைமண்டி இருக்கவே கூடாது, அறுக்க வேண்டிவரும் என்றார்.

"கார்ட் குடுத்து முடிஞ்சுது ரீச்சர்," என்று லயாவின் அம்மா வாசலில் நின்றார். "அந்த நிரோஜாப் பிள்ளையை முன்னால நிப்பாட்டினா என்ன?"

மாட்டேன் என்றேன். இரண்டு நாள் மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் லயா வர்ணத்தின் நடுவில் நின்று, முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் நிரோஜாவைக் கூப்பிட்டு, எனக்கு நடந்தது முழுவதையும் சொன்னேன். மறைக்கவில்லை. சொன்னால் பொறுப்புக் கழிந்துவிடும் என்ற கள்ளப் புத்தி எனக்குள் இருந்தது.

"ஆறு கிழமைதானே ரீச்சர்," என்றாள் நிரோஜா. "நான் வீட்டில போய் வலப்பக்கம் செய்து பாப்பன். நீங்க பயப்பிடாதீங்கோ."

பயப்படாமல் இருந்தேன். அப்படி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அரங்கேற்றத்தன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நஸீர் நானாவுக்கு இப்போது ஒரு காது கேட்காது. வேலை எல்லாம் மகன்தான். ஆனாலும் வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்காருவார். வர்ணம் தொடங்கியதும் எனக்குப் பின்னால் விளக்கின் கழுத்து கிறீச்சிட்டது கேட்டது. அவர்தான் திருப்பியிருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு கம்பளத்தில் மெத்து மெத்தென்று காலடி. முக்கால் மணித்தியாலமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. லயா மறக்கவில்லை. எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். நானும் மேடையைப் பார்த்துத் தட்டினேன்.

நிரோஜாவின் அறிக்கையைப் போன கிழமை எழுதினேன். எவ்வளவோ யோசித்தும் வேறு வசனம் வரவில்லை. "இவர் இல்லாமல் எங்கள் அரங்கேற்றம் நடந்திருக்காது."

நேற்றுப் பின்னேரம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு அவள் வந்தாள். இடுப்பில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"ரீச்சர், தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே. ஒருக்கா ஆடிக் காட்டட்டே?"

நான் கதிரையில் இருந்தேன். அவள் எனக்கு எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, நிலத்தைத் தொட்டு வணங்கி நிமிர்ந்தாள். அரைமண்டியில் இறங்கினாள். இனிக் கால் எழும்ப வேண்டும்.

எந்தக் கால் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து, கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆடும்," என்றேன்.